பால்கோவா பெட்டிக்குள் இருந்த இரண்டு பின்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து, மெக்கானிக்கைத் தொடவிடாமல், ஒரு பழைய பியட் காரை இரண்டு வருடம் நானே கழற்றி மாட்டினேன். கழற்றிய சாமான்களைக் காலிப் பால்கோவா பெட்டிகளில் போட்டு வைப்பேன்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன்.

"எல்லாம் மாட்டியாச்சுல்ல?" என்றாள் மனைவி.

"ஒரு நட்டுகூட மிச்சமில்ல, ஏறு" என்றேன் பெருமையாக.

வழியெல்லாம் மகள், "வேகமாப் போங்கப்பா" என்றாள். நானும் போனேன்.

அங்கே போனதும், மனைவி கொடுத்த பால்கோவா பெட்டியை அக்கா திறந்தாள். "ஏட்டி, என்னத்தக் கொண்டாந்திருக்க? பூரா இரும்பால்ல இருக்கு!"

உள்ளே பழைய பேரிங்குகள். அவற்றின் மேல் இரண்டு புதுப் பின்கள். முன்சக்கர நட்டு கழன்றுவிடாமல் பிடிப்பவை அவைதான். சாப்பிட்டு வந்து மாட்டலாம் என்று சமையலறையில் வைத்து மறந்திருக்கிறேன்.

எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, பெட்டியோடு வெளியே போய்ச் சக்கரத்தின் மூடியை நெம்பினேன். நட்டு விரலாலேயே சுழன்றது.

நட்டுகளை இறுக்கிப் பின்களை மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டி மாற்றி எடுத்தவள் என்று அக்கா இன்றும் என் மனைவியைக் கேலி செய்கிறாள். அவளும் தலைகுனிந்து சிரிக்கிறாள். அன்று அவள் சரியான பெட்டியை எடுத்திருந்தால், பின் மாட்டாத அதே சக்கரங்களில்தான் திரும்பியிருப்போம்.