சீல் பிரிக்காத குடும்பக் கார்

என் அண்ணனிடம் இருநூற்றுப் பதினாறு கார்கள் இருக்கின்றன. அவர் வேலைக்குப் போவது பஸ்ஸில். கார் ஓட்டக் கற்றுக்கொள் என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியாகிவிட்டது. "இப்ப என்னம்மா அவசரம்?" என்பார். வயது ஐம்பத்தேழு.

எல்லாமே பிளாஸ்டிக் கார்கள். பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும், கிட் என்பார்கள். ஒவ்வொரு துண்டையும் சட்டத்திலிருந்து வெட்டி, உரசி, ஒட்டி, பெயின்ட் அடித்து முழுக் காராக்க வேண்டும். முடித்தால் ஒரு சாண் நீளம் இருக்கும். அந்த ஒரு சாணுக்குள் ஸ்டீயரிங், கியர், எஞ்சின் என்று எதுவும் குறையாது. அதிலும் பழைய கிட்டுகள், தயாரித்த கம்பெனியையே இழுத்து மூடிய பிறகு எங்கோ யார் வீட்டுப் பரணிலோ அகப்படுகிறவை, அவைதான் அண்ணனுக்கு உயிர்.

பிழைப்புக்கு அவர் ஒரு லேபில் பல்செட் செய்கிறார். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அண்ணன் அதைப் பார்த்துப் பல் வடிப்பார். லேபில் அவர் பெயர் 'பல்லு சார்'. ஊரார் சிரிப்பதற்கெல்லாம் பல் செய்து கொடுப்பவர், தன் பல்லை மட்டும் லேசில் வெளியே காட்ட மாட்டார். சாயங்காலம் வந்ததும் எங்கள் வீட்டு மாடியில் தான் குடியிருக்கும் அறையில் உட்கார்ந்து மறுபடி அதே மாதிரி அரத்தை எடுத்துக்கொண்டு கார் பம்பரைத் தேய்ப்பார். லேப் அரம் வேறு, வீட்டு அரம் வேறு என்று சத்தியம் செய்கிறார். நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இருநூற்றுப் பதினாறில் அவர் கட்டி முடித்தது நாற்பத்தொன்று. மற்றதெல்லாம் கண்ணாடித்தாள் சுற்றிய பெட்டிகள், சீல் பிரிக்காதவை. கேட்டால், "ரிட்டயர் ஆனப்புறம் ஒண்ணொண்ணா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணப் பேச்சையும் இப்படித்தான் தள்ளிப் போட்டார், ஒரு கட்டத்தில் பேசுகிறவர்களே அலுத்துப் போனார்கள். நான் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் பெட்டியோடு பீரோவில் இருக்கிறது. சட்டைகளில் பாதி குண்டூசிகூட எடுக்காமல் கிடக்கின்றன. என் வீட்டுக்காரர், "உங்க அண்ணனையே யாரோ கண்ணாடித்தாள்ல சுத்தி அனுப்பியிருக்காங்க" என்பார். அதற்காக அவரிடம் நான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பொய்யில்லை.

அந்தப் பிரிக்காத பெட்டிகளில் அண்ணன் தினமும் துடைத்து வைப்பது மூன்று. டாக்சி, ஆம்புலன்ஸ், போலீஸ் கார். ஒரே கம்பெனி, ஒரே வருஷம், நான்கு கார் கொண்ட வரிசை. நான்காவது ஒரு குடும்பக் கார். கூரைமேல் பெட்டி படுக்கை கட்டிக்கொண்டு வெளியூர் கிளம்புகிற மாதிரி. அதை அவர் இருபத்திரண்டு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கிடைக்கவில்லை.

போன மழைக்காலத்தில், அவரைப் போலவே இந்தக் கிறுக்குப் பிடித்த நண்பர் ஒருவர் தகவல் சொன்னார். ஊரின் மறுகோடியில் ஒரு நர்ஸம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலமான கணவர் சேர்த்து வைத்த கிட்டுகளை விற்கிறார். அதில் குடும்பக் கார் இருக்கிறது. அண்ணனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவரைக் காரில் அழைத்துப் போனேன். நிஜக் காரில்.

நர்ஸம்மா குள்ளமாக, விறுவிறுவென்று இருந்தார். முதலில் ஓர் அறையைத் திறந்து காட்டினார். தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். கணவர் சர்வேயராம், நூல் பிடித்த மாதிரி அடுக்கி, ஒவ்வொன்றிலும் வாங்கிய தேதியை எழுதி ஒட்டியிருந்தார். மொத்தம் நூற்று நாற்பது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

சாப்பாட்டு மேஜையில் எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். குடும்பக் காரை எடுத்து வந்து தன் பக்கமாக வைத்துக்கொண்டார். அண்ணனின் கண் அதைவிட்டு நகரவில்லை.

"எதுக்கு சார் இது உங்களுக்கு?"

"வரிசையில இது ஒண்ணுதான் குறையுது."

"கட்டுவீங்களா?"

"கட்டணும். ரிட்டயர் ஆனதும்..."

நர்ஸம்மா முகம் மாறிவிட்டது. "இந்த வார்த்தையை முப்பத்தோரு வருஷம் கேட்டாச்சு சார். அவருக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் பாக்கி. நிலம் அளக்கப் போன இடத்துல கொஞ்சம் உக்காந்துக்கறேன்னு உக்காந்தார். எந்திரிக்கலை."

அவரே தொடர்ந்தார். "விலையெல்லாம் அப்புறம். உங்களுக்கே தரேன். ஆனா இங்கேயே, இந்த மேஜையில, என் கண் முன்னாடி பிரிக்கணும். அதுக்குச் சம்மதம்னா எடுங்க. இல்லேன்னா இது இங்கேயே இருக்கட்டும்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியின் சீல் கிழிந்துவிட்டால் யாராலும் அதை ஒட்ட முடியாது. பிரித்தால், நாலும் பிரிக்காத வரிசை என்ற இருபத்திரண்டு வருஷக் கனவு அந்த நிமிஷமே முடிந்தது. பிரிக்காவிட்டால் கார் இல்லை. அவர் மெல்ல எழுந்தார். "நாம கிளம்பலாம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பையும் மாட்டிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கத்தப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் குரல் உடைந்துவிட்டது. "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு உன் ரூமை நான் இந்த மாதிரி யாருக்காவது திறந்து காட்டிக்கிட்டு நிக்கணுமா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "கத்தி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

நர்ஸம்மா காய் நறுக்கும் கத்தியைக் கொடுத்தார். அண்ணன் பெட்டியின் ஓரத்தில் அதை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். டீ ஆறிப்போனது. நானும் என் வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சட்டென்று ஒரு கீறல். கண்ணாடித்தாள் சுருண்டு விழுந்தது. மூடியைத் தூக்கியதும் பழைய பிளாஸ்டிக் வாசனை மேஜை முழுக்கப் பரவியது.

உள்ளே எல்லாத் துண்டுகளும் இருந்தன. ஆனால் காரின் பிளாஸ்டிக் கண்ணாடியின்மேல் நான்கு ரப்பர் டயர்களும் கிடந்தன. அண்ணன் ஒன்றைத் தூக்கினார். கண்ணாடியும் சேர்ந்து வந்தது. பிரித்தெடுத்தபோது கண்ணாடியில் வட்ட வட்டமாகப் பள்ளம். டயர் அதைத் தின்றிருந்தது.

"அய்யய்யோ, என்ன சார் இது? எலியா?" என்றார் நர்ஸம்மா.

"இல்லைம்மா. டயர்ல இருக்கற எண்ணெய்ப் பசை கசிஞ்சு பிளாஸ்டிக்கை இளக்கிடும். வாங்கின உடனே பிரிச்சு டயரைத் தனியா எடுத்து வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்." அண்ணன் அந்தக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்தவங்க பெட்டியில நடக்கும்னு தெரியும். நம்ம பெட்டியில நடக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

நர்ஸம்மா, கெட்டுப்போனதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன், விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார். அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். வம்படியாக வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

வீட்டுக்கு வந்து காபிகூடக் குடிக்காமல் மாடியேறி, தான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த மூன்று பெட்டிகளையும் அவரே பிரித்தார். டாக்சியும் போலீஸ் காரும் பிழைத்திருந்தன. ஆம்புலன்ஸின் கூரையில் இரண்டு வட்டம். "பரவாயில்லை, பள்ளத்துல புட்டி பூசி அடைச்சுச் சரிபண்ணலாம்" என்றார். அழுவார் என்று நினைத்துக் கைக்குட்டையோடு நின்றிருந்த நான்தான் அசடு வழிந்தேன்.

குடும்பக் காரின் கண்ணாடியை லேபில் செய்தார். பல் வரிசையைச் சீராக்கக் கிளிப் போட்டவர்களுக்குக் கடைசியில் கண்ணாடி மாதிரி ஓர் உறை கொடுப்பார்களே, அதைச் செய்கிற எந்திரம் அங்கே இருக்கிறது. தெளிவான தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் அப்படியே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அண்ணன் கார்க் கண்ணாடிக்கு ஓர் அச்சைச் செதுக்கி அதன்மேல் வைத்து இழுத்தார். இரண்டு முறை சுருங்கியது. மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது. நடுவில் ஒருநாள் நர்ஸம்மாவுக்கு போன் போட்டு, "என்ன கலர் அடிக்கட்டும்?" என்று கேட்டார். அண்ணன் தானாக ஒருவருக்கு போன் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாலாவது ஞாயிறு மறுபடி அதே மேஜை. அண்ணன் காரை எடுத்து வைத்தார். வெளிர் நீலம். கூரைமேல் நாலு குட்டிப் பெட்டிகள், அவற்றைச் சுற்றி நூலளவு கயிறு. நர்ஸம்மா ரொம்ப நேரம் தொடவே இல்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு விரலால் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினார். சக்கரம் சுழன்று கார் ஒரு முழம் நகர்ந்தது.

"ஓடுதே!" என்று சிரித்தார். சிரிப்பு நிற்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. "இந்த வீட்டுல நூத்தி நாப்பது கார் இருந்துச்சு சார். ஒண்ணு ஓடி இன்னைக்குத்தான் பாக்கறேன்."

கட்டி முடித்த காரின்மேல் அடுத்தவர் விரல் பட்டாலே அண்ணனுக்கு உயிர் போய்விடும். துணியை எடுப்பார், துடைப்பார் என்று பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்து மேஜையின் மறுமுனையில் போட்டு உட்கார்ந்தார். பல் தெரியச் சிரித்தபடி இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, "நல்லா வேகமா விடுங்கம்மா, நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.