லோஞ்ச் சொன்ன பெயர்

றைவர் அண்ணையின் மத்தியானச் சோற்றுப் பொதி லொறிக் கண்ணாடிக்குக் கீழே இயந்திரச் சூட்டில் கிடக்கும். வாழையிலை வாடிய அந்த வாசம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நயினாதீவுக்குக் கடைசி லோஞ்ச் படகு போன பிறகுதான் அவர் அதை அவிழ்ப்பார். கொழும்பிலிருந்து வரும் பார்சல்களை யாழ்ப்பாணத்தில் ஏற்றி, வேலணை, புங்குடுதீவு என்று வீட்டு வாசல்களில் படலை படலையாக நின்று, லோஞ்ச் வெளிக்கிட முன்னம் குறிகட்டுவான் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். கடலுக்கு நடுவே போகும் தாம்போதி வீதியில் தண்ணீர் ஏறினாலும் ரயர் வெடித்தாலும், பிந்தினால் அது அவருடைய பிழை. நான் சுமை இறக்குகிறவன். படலையில் நின்று கூப்பிட எனக்குக் கூச்சம். அதையும் அவரே செய்தார்.

ஒருமுறை வேறொரு லொறிக்காரர் பார்சலை ஆள் மாறிக் கொடுத்துவிட்டார். முதலாளி அவரை அன்றே வேலையால் நிறுத்தினார். பிறகு ஒரு சட்டம் வந்தது: அனுப்பியவரின் பெயரை வாங்குகிறவர் தன் வாயால் சொல்ல வேண்டும், சொல்லாமல் கொடுத்தால் றைவருக்கு வேலை இல்லை. தீவு ஆண்களில் பலர் கொழும்பில் கடை வைத்திருந்தார்கள். பார்சலை வாங்குவது அவர்களுடைய மனைவிமார். புருஷன் பெயரை எந்தப் பெண் வாயால் சொல்லுவாள்? முதலாளிக்கு அது நினைவு வரவில்லை.

அந்த ஐப்பசி மழையில், சட்டம் நடக்கிறதா என்று பார்க்க முதலாளியின் கணக்கப்பிள்ளையும் எங்களோடு ஏறி வந்தார். நாங்கள் துறைக்குப் போனபோது லோஞ்ச் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. மகளின் கூறைச் சேலைப் பார்சலுக்காக நயினாதீவிலிருந்து வந்த ஒரு தாய் நனைந்தபடி நின்றார்.

“அனுப்பினது ஆர் அக்கா?” என்று றைவர் அண்ணை கேட்டார்.

“பிள்ளையின்ர தேப்பன்.”

“பேர்?” என்றார் கணக்கப்பிள்ளை.

“எங்கட நயினாதீவுக் கோயில் அம்மாளின்ர பேரில பாதி. விளங்கேல்லையே?”

“பேரைச் சொல்லாட்டில் தரேலாது.”

“விடியத் தாலிகட்டு, தம்பி. கூறை இல்லாமல் பிள்ளையை மணவறையில இருத்துறதே?” அவருக்குக் கண் கலங்கியது. பெயர் மட்டும் வரவில்லை. லோஞ்ச்காரர் கயிற்றைக் கழற்றினார்.

றைவர் அண்ணை துறை விளிம்புக்கு ஓடினார். “இந்த அக்காவின்ர மனிசனுக்கு என்ன பேர்?” என்று லோஞ்சைப் பார்த்துக் கத்தினார்.

“நாகலிங்கம்!” என்று லோஞ்ச் முழுவதும் கத்தியது. “சுருட்டுக்கடை நாகலிங்கம்! கணக்கப்பிள்ளைக்குக் காது கேட்டுதோ?”

அந்தத் தாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

“அவ சொல்லேல்லையே” என்றார் கணக்கப்பிள்ளை.

“உங்கட வீட்டுக்காரி உங்களைப் பேர் சொல்லியோ அண்ணை கூப்பிடுறவ? என்னை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ.” றைவர் அண்ணை பார்சலை அந்தக் கைகளில் வைத்தார். லோஞ்ச் போனது.

திரும்பும் வழியில் தாம்போதி தாண்டிய பிறகு, “என்ர வீட்டுக்காரி என்னை ‘இஞ்சேருங்கோ’ எண்டுதான் கூப்பிடுறவள்” என்றார் கணக்கப்பிள்ளை. றைவர் அண்ணையின் வேலை போகவில்லை.

இப்போது அந்த லொறியை நான் ஓட்டுகிறேன். சட்டத்தை இன்னும் யாரும் நீக்கவில்லை. அவரைப்போல ஊரைப் பார்த்துக் கத்த எனக்கு வராது. புருஷன் பெயர் வாயில் வராவிட்டால், பக்கத்துப் படலைக்குப் போய் மெல்லக் கேட்பேன். அவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டு இந்தப் படலையில் நிற்கிற பெண் தலை குனிந்தால், பார்சலைக் கொடுத்துவிடுவேன்.