அம்மா தோளில் கறுத்த பை

புதுத்தோலின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். செருப்புக் கடையோ, பஸ்ஸோ, பக்கத்து மேசைக்காரி புதுப்பையோடு ஆபீசுக்குள் நுழைகிற காலை நேரமோ, எங்கே அந்த வாசனை வந்தாலும் சரி, நான் பத்து வயதுப் பெண்ணாகிவிடுவேன். ஜெயங்கொண்டத்து வீட்டு ஹாலில் உட்கார்ந்து, சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியைச் சித்தி பிரிப்பதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே இருப்பது என் அம்மாவுக்கு இல்லை என்று தெரிந்துபோன அந்த நிமிடத்தில் வந்த எரிச்சல் இன்னும் அடங்கின பாடில்லை.

அப்பாவும் அவருடைய தம்பியும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினார்கள். அப்பாவுக்கு அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. சித்தப்பா துபாயில், பணக்காரப் பெண்கள் மட்டுமே நுழைகிற ஒரு பெரிய கடையின் கைப்பைப் பிரிவில் விற்பனையாளர். வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர் கொண்ட பைகள் அவை. அதில் ஒன்று அடியில் கீறல் விழுந்து விற்க முடியாமல் போக, வேலை செய்பவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். கல்யாணமான பிறகு வந்த முதல் லீவில் அதைத்தான் சித்திக்குக் கொண்டுவந்திருந்தார். சாயமே போடாத தோல், வறுக்காத முந்திரிப் பருப்பின் நிறம். "இது இப்படியே இருக்காது கலா, கை படப் பட நெறம் ஏறும், பழசாக ஆகத்தான் இதுக்கு அழகு" என்று அவர் சொன்னபோது, சித்தி பையை முகர்ந்து பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். நான் காலி அட்டைப்பெட்டியைக் காலால் எட்டி உதைத்தேன்.

ஏன் உதைக்க மாட்டேன்? என் அம்மா டீச்சர். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்த, தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் முட்டி மோதி ஏறிப் போகிறவள். அவள் தோளில் தொங்கியது, மேல்தோல் உரிந்து உள்ளே துணி பல்லிளித்துக்கொண்டிருந்த ஒரு "ரெக்சின்" பை. ஜிப் போய், ஊக்கு குத்தி வைத்திருந்தாள். சம்பாதிக்கிறவளுக்கு உரிந்த ரெக்சின், வீட்டில் இருப்பவளுக்கு அசல் தோலா? இது எந்த ஊர் நியாயம் என்று அம்மாவிடமே கேட்டேன். "நமக்கெதுக்குடி அதெல்லாம்? டிபன் பாக்ஸ வெச்சா கொழம்பு ஊத்திக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பரீட்சைத்தாள் திருத்தினாள். அவளுக்குப் பொறாமையே வராதது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சரி, நீ படாவிட்டால் போ, உனக்கும் சேர்த்து நான் படுகிறேன் என்று பட்டேன்.

லீவு முடிந்து சித்தப்பா விமானம் ஏறியதும், சித்தி பையை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நாலு அந்துருண்டை போட்டு, பட்டுப்புடவைக்கு அடியில் பீரோவில் வைத்துப் பூட்டினாள். எங்கள் ஊரில் விலை உயர்ந்த எதையும் அப்படித்தான் காப்பாற்றுவோம். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த பிறகு ஒருநாள் ஆசையாக எடுத்துப் பார்த்தால், பை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. சித்தி அழுத அழுகையைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. உள்ளுக்குள் குதியாட்டம் போட்டேன்.

துபாயில் வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்றைக்குத்தான் போன் வரும். சித்தப்பா அந்தப் பக்கம் போட்ட கத்தலில், ரிசீவரைச் சித்தி காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அவர் சொல்லச் சொல்ல இவள் திருப்பிச் சொல்வாள், நாங்கள் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். "பிளாஸ்டிக்கே ஆகாதா? காஞ்ச துணியால தொடைக்கணும்… ம்… நெழல்ல காத்தாட வெக்கணும்… உள்ள பழைய வேட்டித் துணிய சுருட்டித் திணிக்கணுமா, சரிங்க." தேங்காய் எண்ணெய் தடவிப் பார்க்கலாமே என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். அது போனில் கேட்டுவிட்டது போலிருக்கிறது, "ஐயோ அண்ணி, திட்டுத் திட்டா போயிடும்!" என்று அவர் அலறியது எனக்கே கேட்டது. கடைசியாகச் சொன்னதைத்தான் சித்தி மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "தெனமும் தோள்ல மாட்டணும். வெளிய காத்துபடணும். பூட்டி வெச்சா தோலு செத்துடும்."

சொல்லிவிட்டார் மகராசன். ஆனால் சித்தி தோளில் மாட்டிக்கொண்டு எங்கே போவாள்? கடைக்கு அப்பா போவார், கோயிலுக்கு அம்மாவோடு எப்போதாவது போவாள், தாய்வீட்டுக்குப் போவதென்றால் சித்தப்பா போனில் "சரி" என்று சொல்ல வேண்டும். பி.காம் படித்தவள். உடையார்பாளையம் ரோட்டில் ஒரு முந்திரிக் கம்பெனி ஆபீசில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று அப்பாவே விசாரித்துவந்து சொன்னபோது, "நான் இங்க எதுக்குக் கஷ்டப்படுறேன்? அவள வூட்டோட இருக்கச் சொல்லுங்க" என்று சித்தப்பா போனில் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதனால் சித்தி, மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து மொட்டைமாடிக்கும் நடப்பாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் பின்னாலேயே நடப்பேன். ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன் என்றால் "போயி கையக் கழுவிட்டு வா" என்பாள், கழுவிவிட்டு வந்தால் "ஈரக் கையால தொடாத பாப்பா" என்பாள்.

இப்படி எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே வலம் வருவது? ஒருநாள் காலை அம்மா பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் சித்தி குறுக்கே வந்து நின்றாள். "அக்கா, இத நீங்க எடுத்துட்டுப் போங்க. பைய வெளிய கொண்டு போங்கறாங்க, என்னைய வாசப்படி தாண்டாதேங்கறாங்க. நான் என்னதாங்க்கா பண்றது?" அம்மா பதறி, "உம் புருஷன் உனக்காகக் கொண்டாந்ததுடி" என்று மறுக்க, சித்தி விடவில்லை. அம்மாவின் சாமான்களை அவளே பிடுங்கித் தோல் பைக்குள் அடுக்கி, டிபன் பாக்ஸை மட்டும் தனியாக ஒரு கூடையில் கொடுத்து அனுப்பினாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. என் வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரிடமும் "எங்கம்மா பை துபாய் பை" என்று பீற்றிக்கொண்டேன். ஆனால் சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் சித்தி கை நீட்டுவாள், பை கைமாறும், எனக்கு மறுபடி எரிய ஆரம்பிக்கும். சித்தி அதைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு எந்த பஸ்க்கா? உக்கார எடம் கெடச்சுதா? மழ வந்துச்சே, எங்க நின்னீங்க? ஹெட்மாஸ்டர் என்ன சொன்னாரு?" என்று ஒன்று விடாமல் கேட்பாள். அம்மா களைப்பில் ஓரிரண்டு வார்த்தையில் பதில் சொன்னால் முகம் சுருங்கிவிடும். சித்திக்கு அம்மாமேல் பொறாமை என்பது மட்டும் அப்போது எனக்குப் புரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்!

பை கறுக்க ஆரம்பித்தது. முதலில் கைப்பிடி, பிறகு மூடியின் ஓரம், பிறகு மெல்ல மெல்ல வெளிப்பக்கம் முழுக்க, பக்குவமாக வறுத்த முந்திரியின் நிறத்துக்கு வந்து பளபளத்தது. ரெக்சின் பழசானால் உரிந்துபோகும், இது பழசாகப் பழசாக அழகாகிக்கொண்டு போனது. அந்த அழகெல்லாம் என் அம்மாவின் தோளும் வேர்வையும் போட்டது என்று தெரிந்தும், பை சித்தியுடையது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த லீவில் சித்தப்பா வந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடிக்கக்கூட இல்லை, "பைய எடு பாப்போம்" என்றார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்து, "அடேயப்பா, நெறம் என்னமா ஏறியிருக்கு!" என்று முகம் மலர்ந்தார். இன்னொரு தடவை திருப்பினார். மலர்ந்த முகம் அப்படியே இறுகிப்போனது.

"இது வூட்டுக்குள்ள ஏறுன நெறம் இல்லியே கலா. வெளிப்பக்கம் கறுத்துருக்கு, ஒடம்போட ஒட்டுற பக்கம் வெளுப்பா கெடக்கு. தெனம் வெயில்ல நின்ன பை இது. இந்தா, மழத்துளி வுழுந்த தடம். கைப்புடி பூரா வேர்வ." குரல் தாழ்ந்தது. "நான் இல்லாதப்ப தெனமும் எங்க போயிட்டு வர?"

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். "தம்பி, தம்பி, அவ எங்கயும் போவல. நாந்தான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போனேன். நீங்க வெளிய கொண்டு போவணும்னு சொன்னீங்களாம்ல, அதான்."

சித்தப்பா ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணியா! அதானே பாத்தேன். ஒரு நிமிசம் என்னமோ ஏதோன்னு ஆயிப்போச்சு. ஒரு டீ போடுங்க அண்ணி." அப்பாவும் சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். விஷயம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"நான் எங்கயும் போவலன்னு தெரிஞ்சதும் அம்புட்டு சந்தோஷமா உங்களுக்கு?" என்றாள் சித்தி. அவள் புருஷனிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. "பையப் பூட்டி வெச்சா செத்துடும்னு போன்ல அந்தக் கத்து கத்துனீங்க. என்னையப் பூட்டி வெச்சிருக்கீங்களே, அதப் பத்தி ஒரு வெள்ளிக்கெழமையாவது யோசிச்சீங்களா? அக்கா தோள்ல மாட்டிக்கிட்டுப் போற பையப் பாத்து நான் தெனம் வயிறு எரிஞ்சு நிக்கிறேன். அந்த முந்திரிக் கம்பெனி வேலைக்கு நான் போறேங்க. உங்க லீவு முடியறதுக்குள்ள போறேன். கண்ணால பாத்துட்டே பிளேன் ஏறுங்க."

நாலைந்து நாள் சித்தப்பா சாப்பாட்டுத் தட்டை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்த் தனியாகச் சாப்பிட்டார். அப்பா தம்பியைத் தனியாக அழைத்துப்போய் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை சித்தி வேலைக்குக் கிளம்பினாள், சித்தப்பா உம்மென்ற முகத்தோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனார். தோளில் அந்தப் பை. என் அம்மா வேர்வை சிந்திக் கறுக்க வைத்த பையைச் சித்தி மாட்டிக்கொண்டு போகிறாள், என் அம்மா ஊக்கு குத்திய ரெக்சினோடு இன்னொரு பஸ்ஸுக்கு ஓடுகிறாள்! ஒரு மாதத்துக்குமேல் நான் சித்தியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "போனா போவுது விடுடி, அவ கெளம்பிட்டாளே, அதப் பாரு" என்று அம்மா சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது நான் பெரம்பலூரில் குடும்பமும் வேலையுமாக இருக்கிறேன். ஜெயங்கொண்டத்து வீட்டில் அந்த போன் இருந்த இடத்தில் டி.வி. மாட்டியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குத் தனி மதிப்பு ஒன்றும் இல்லை. சித்தப்பா துபாயை விட்டு வந்து வீட்டோடு இருக்கிறார். துபாய்ப் பை தையல் விட்டு, கைப்பிடி அறுந்து எங்கேயோ போய்விட்டது. சித்தி மட்டும் அதே கம்பெனிக்கு இன்னும் போகிறாள். அம்மா பணி ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகின்றன. முழங்கால் வலி வேறு. அவள் முட்டி மோதி ஏற டவுன் பஸ்ஸும் இல்லை, காலை நேரத்து ஓட்டமும் இல்லை.

போன பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே, என் சம்பளத்தில் அம்மாவுக்கு ஓர் அசல் தோல் பை வாங்கிக்கொண்டு போனேன். முந்திரிப் பருப்பு நிறத்தில் கிடைக்கிற வரைக்கும் திருச்சியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கூடவே தோலுக்குத் தடவும் கிரீம், மெல்லிய பிரஷ், போட்டு வைக்கத் துணியுறை எல்லாம். எப்படித் துடைப்பது, எப்படி நிழலில் வைப்பது, தினமும் எடுத்தால்தான் நிறம் ஏறும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா பையை முகர்ந்து பார்த்தாள், தடவிப் பார்த்தாள், உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"நல்லாத்தான்டி இருக்கு. எங்க போறதுக்கு?"

அந்த நேரம் பார்த்து, கம்பெனிக்குக் கிளம்பிய சித்தி, "போயிட்டு வரேங்க்கா" என்று குரல் கொடுத்தபடி செருப்பை மாட்டினாள். தோளில், ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்த வெறும் துணிப்பை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று தெருவில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவள் முனை திரும்பி மறைகிற வரைக்கும் அம்மா அந்தத் துணிப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொறாமை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அம்மாவின் முகத்தில் அதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.