வேட்டிக்குப் பின்னால் அப்பா

பள்ளி விடுமுறைக்கு மலேசியா போகலாம் என்று முடிவு செய்தோம். "பாஸ்போர்ட்தான் மூணு பேருக்கும் ஒண்ணா எடுத்தோமே" என்று என் கணவர் டிக்கெட் போட உட்கார்ந்தார். நான் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்தேன்.

மகள் தன்னுடையதைப் பிரித்து, "யாரும்மா இந்தப் பாப்பா?" என்றாள்.

அவளேதான். அண்ணனூர் ஸ்டுடியோவில் எடுத்த படம். அப்போது அவளுக்குக் கழுத்து நிற்காது. படத்தில் வேறு யாரும் தெரியக் கூடாது, பின்னணியும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதால், இவர் வெள்ளை வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார். "ஆடாம குந்து அண்ணாத்தே, துணி அசையுது" என்றார் படம் எடுத்தவர்.

சிரித்துக்கொண்டே பார்த்தபோதுதான் தேதி கண்ணில் பட்டது. காலாவதியாகியிருந்தது. எங்களுக்குப் பத்து வருடம், குழந்தைக்கு ஐந்துதான் என்பது உறைக்கவே இல்லை. நல்லவேளை, டிக்கெட் போடவில்லை.

பயணத்தைத் தள்ளிவைத்துப் புதிதாக விண்ணப்பித்தோம். படமெடுக்கும்போது இவர் பழக்கதோஷத்தில் அவள் பின்னால் போய் நின்றார். "நீ தள்ளிப் போப்பா, நானே உக்காருவேன்" என்றாள்.

இப்போது அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாஸ்போர்ட்டைப் பிரித்துத் தேதி பார்க்கிறேன். ரத்தான பழையதையும் பிரிப்பேன், அவள் காதோரம் தெரியும் அந்த வேட்டி மடிப்புக்காக.