மேற்குச் சுவரில் வைத்த பொட்டு

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, காலை ஆறு பத்து. இரவெல்லாம் பெய்த மழை தூறலாகியிருந்தது. கொத்தனாரையும் சித்தாளையும் கூட்டிக்கொண்டு மாத்தூரில் எங்கள் பழைய களத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வீடு என்பது பேச்சுக்குத்தான். வயலுக்கு நடுவே அப்பா கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. பாதியில் நாங்கள் இருந்தோம், பாதியில் நெல் இருந்தது. வயல்கள் இப்போது லாரி நிறுத்துமிடம். கூரை போயிற்று, மூன்று சுவர்கள் போயின. மேற்குச் சுவர் மட்டும் ஒன்பதடி உயரத்தில் நிற்கிறது. அதன் நிழலில் ஓர் அம்மாள் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். அடுப்பே சுவரில் முதுகை வைத்துத்தான் இருக்கிறது. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் கல் இடுக்கிலிருந்து காரை உதிரும். சுவர் அவள் தலையில் விழுந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமில்லை.

எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க, போன மாதமே தூக்குக்குண்டு கட்டி அளந்திருந்தேன். எட்ட நின்று பார்த்தாலும் தெரியட்டும் என்று ஒரு கல்லில் சுண்ணாம்பால் மூன்று பட்டை இழுத்து, கயிறு தொட்ட இடத்தில் செங்காவியால் ஒரு பொட்டு வைத்தேன்.

அந்தக் கல்லில் இப்போது எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் இருந்தன. கீழே கற்பூரக் கரி.

"இன்னா நைனா, கடப்பாறையோட வர்றே? அம்மா கீது, தள்ளி நில்லு," என்றாள் கடைக்காரி.

அது நான் அளவுக்குப் பூசியது என்று விளக்கினேன்.

"நீதான் பூசினே. உன் கையால பூச வெச்சது யாரு?"

கொத்தனார் கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டார். தான் பிள்ளைகுட்டிக்காரன் என்றார். சாய்வு இரண்டு விரற்கடை கூடியிருக்கிறது என்று அளந்து காட்டினேன். அம்மா குனிந்து பார்க்கிறாள் என்றாள் அவள். டீ குடிக்க வந்த லாரிக்காரர்களும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வண்டி போயிற்று. உதிர்ந்த காரை சட்னிக் குண்டானில் விழுந்தது. அவள் அதைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஈட்டை ஊற்றினாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"அம்மாவுக்கு அடுப்புப் புகை ஆகலை. தன்னைத் தரையில் இறக்கி, அதோ அந்த வேம்படியில் வைக்கச் சொல்கிறாள்," என்றேன்.

"உன்கிட்ட சொல்லிச்சா?"

"பூச வைத்தவள் சொல்லமாட்டாளா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இட்லிப் பானையை இறக்கினாள்.

அடுப்பை ரோட்டோரத்துக்கு மாற்றி, நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்டுக் கொடுத்தோம். பொங்கல் பொங்கிய பிறகு கொத்தனார் அந்தக் கல்லைப் பெயர்த்துச் சிவப்புத் துணி சுற்றி வேம்படியில் வைத்தார். மூன்று மணிக்குச் சுவர் தரையில் கிடந்தது. அடுப்பு இருந்த இடத்தில் இடுப்பளவுக்குக் கல்.

கூலி 2,100, தகரமும் கம்பமும் 4,600, கல் அள்ளிய டிராக்டருக்கு 1,800, பொங்கல் சாமானும் துணியும் 730. ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து இருநூற்று முப்பது ரூபாய்.