கற்பூரத்துக்கு நீட்டிய கை

என் கணவரின் குரலை யாழ்ப்பாணத்தில் இருந்து எங்கள் தீவுக்கு வரும் பஸ்ஸில் வைத்துக் கேட்டேன். அவர் பஸ்ஸில் இல்லை. குரல் எனக்கு முன்னால் இருந்தவருடைய போனில் இருந்து வந்தது.

அம்மன் அடியார்களே, அன்றைக்குக் கேட்டதை எழுத இப்போதும் என் கை கூசுகிறது. ஆனாலும் அவள் அருளைச் சொல்வதென்றால் என் வெட்கத்தையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

அவர் அப்போது பிரதேச சபை உறுப்பினர். எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர். கோடை வந்தால் குடிதண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். எந்தத் தெருவுக்கு, எந்த ஒழுங்கைக்கு எப்போது வரும் என்பது அவர் வாயில் இருந்தது. போனில் ஓடிய அந்தக் குரல்பதிவில் ஒரு பெண், தங்கள் ஒழுங்கைக்குத் தண்ணீர் வந்து கனநாளாகிவிட்டது என்று மன்றாடுகிறாள். அவர் சிரிக்கிறார்.

"தண்ணி வரும். அதுக்கு முதல் நீர் ஒருக்கா வந்து என்னைச் சந்தியுமன். தனிய வாரும்."

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கலியாணமான புதிதில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. முன்னால் இருந்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தார்கள். அல்லைப்பிட்டி தாண்டும்போது யாரோ என்னைக் கண்டுவிட்டார்கள். போன் நின்றது.

வீட்டில் அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். எதிராளிகளின் வேலை என்றார். இந்தக் காலத்தில் கணினியில் யாருடைய குரலையும் செய்யலாமாம். நான் நம்பினேன் என்று சொல்லமாட்டேன். நம்ப ஆசைப்பட்டேன். கோயிலுக்குப் போய், "அம்மா, அது அவரின்ர குரலா இருக்கக்கூடாது" என்று அழுதேன்.

அரசியல்வாதியின் பெண்சாதிக்குத் தெரிந்த ஒரே அரசியல் தேத்தண்ணி ஊற்றுவது. விடிந்தால் கேற்றடியில் சனம் நிற்கும். புறுபுறுத்தபடி ஊற்றிக்கொண்டே இருப்பேன். அந்தப் பதிவு பரவிய மறுநாள் கேற்றடியில் நாய்கூட இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக எங்கள் வீட்டில் பால்மா மிஞ்சியது. சந்தைக்குப் போனால் கதைத்துக்கொண்டு நிற்பவர்கள் சட்டென்று கத்தரிக்காயைப் பார்ப்பார்கள். என்னோடு எப்போதும் மல்லுக்கட்டும் மீன்காரி, நல்ல மீனாகப் பொறுக்கி எடுத்துப் பேசாமல் பையில் போட்டாள். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

அந்தப் பெண்ணின் நிலை என்னுடையதைவிட மோசம். அவளுடைய கணவன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். இவள் மகளோடு தனியாக இருக்கிறாள். அது அவருடைய குரல்தான் என்று சொன்னதற்காக அவளைப் பற்றி எங்கள் கட்சி ஆட்கள் பேஸ்புக்கில் எழுதியவற்றை வாசித்தால் வாந்தி வரும். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வேளையில்தான் கட்சி அமைப்பாளர் வீட்டுக்கு வந்தார். வந்ததும் வராததுமாக, ஊர்ச்சனம் பொலிஸையும் நம்பாது, பேப்பரையும் நம்பாது, கற்பூரச் சத்தியத்தைத்தான் நம்பும் என்றார். உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். எங்கள் ஊரில் ஒருவன் குளித்து, ஈரவேட்டியோடு அம்மன் வாசலில் நின்று, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அந்த வழக்கு அதோடு முடிந்தது. அதற்குமேல் ஒருவரும் கதைப்பதில்லை. பொய்ச் சத்தியம் என்றால் அது செய்தவனை விட்டுவிட்டு அவனுடைய வம்சத்தைப் பிடிக்கும் என்பது எங்கள் பயம். அமைப்பாளர் அதை வீடியோ எடுத்துப் போடப்போவதாகவும் சொன்னார்.

என் கணவர் யோசிக்கவே இல்லை. சரி என்றார்.

வவுனியாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள் அப்போதுதான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். எத்தனை வருசம் காத்திருந்து, இதே அம்மனுக்கு எத்தனை நேர்த்தி வைத்துக் கிடைத்த பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். அமைப்பாளர் போனதும் அவர் முன்னால் போய் நின்றேன்.

"இஞ்சருங்கோ, அது உங்கட குரல்தானே?"

"குரல் என்ன குரல். சத்தியம் பண்ணினால் எல்லாம் முடிஞ்சிடும்."

இல்லை என்று அவர் சொல்லவில்லை. இத்தனை வருசம் ஒன்றாக வாழ்ந்த மனிதர், பேரப்பிள்ளையைப் பணயம் வைக்கிறோம் என்றுகூட நினைக்காமல் பேப்பரை விரித்தார். பஸ்ஸில் கேட்ட குரலைவிட இதுதான் என்னை அடித்துப்போட்டது.

மத்தியான வெயிலில் கோயிலுக்கு ஓடினேன். நடை சாத்திக் கிடந்தது. மூடின கதவுக்கு முன்னால் விழுந்து கிடந்து கேட்டேன். மானம் போகட்டும், பதவி போகட்டும், அந்தக் கையை மட்டும் கற்பூரத்தில் வைக்கவிடாதே தாயே. அதற்குப் பிறகு வாயில் தண்ணீர் தவிர வேறொன்றும் வைக்கவில்லை.

சத்தியத்துக்குக் குறித்த வெள்ளிக்கிழமை, மத்தியானப் பூசை முடிந்தும் சனம் கலையவில்லை. ஐயர் இதற்கெல்லாம் தான் நிற்கமாட்டேன் என்று உள்ளே போய்விட்டார். குற்றம் சொன்னவரும் எதிரே நிற்கவேண்டும் என்பது முறை. அவள் மகளைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். சின்ன உருவம். நான் அன்றைக்குத்தான் அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தேன். அமைப்பாளர் தன் கையாலேயே கற்பூரத்தைக் கொளுத்தினார். பக்கத்தில் நின்றவர் போனைத் தூக்கிப் பிடித்தார். என் கணவர் ஈரவேட்டியோடு கையை நீட்டினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா, அம்மா என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை.

"அண்ணை, அடியாதேங்கோ."

அவளுடைய குரல். கண்ணைத் திறந்தேன்.

"உங்கட மகள் வயித்தில பிள்ளையோட இருக்கிறா. நான் பொய் சொன்னதாகவே இருக்கட்டும். நான் போறன். அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாது."

நான் பெற்ற பிள்ளையின் பிள்ளைக்காக, எங்கள் ஆட்கள் சந்தி சிரிக்க வைத்த அந்தப் பெண் தன் மானத்தை விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறாள். அவருடைய கை அந்தரத்தில் நின்றது. பிறகு அது கீழே இறங்கியது.

"நில்லும் தங்கச்சி," என்றார். "அது என்ர குரல்தான். நான்தான் கேட்டனான்."

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. அமைப்பாளர் போனை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். ஊரில் எத்தனை போன் இருக்கிறது, எதை நிறுத்துவது? அந்த வீடியோ முதல் பதிவைவிட வேகமாகப் பரவியது.

அதோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் நான் பொய் எழுதுகிறேன். அவர் பதவியை விட்டார். கட்சி அவரைத் தெரியாது என்றது. விசாரணைக்குப் போய்வருகிறார். நான் கனநாள் அவரோடு கதைக்கவில்லை. இப்போதும் அளவோடுதான். தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடிக்கப் பழகிவிட்டார். அந்தப் பெண்ணின் மகள் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். தண்ணீர் முறைப்படி எல்லா ஒழுங்கைக்கும் போகிறது.

நான் அவளுக்கு நன்றி சொல்லப் போனேன். அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. "உங்களுக்காகச் செய்யேல்லை அக்கா, அவரையும் நான் மன்னிக்கேல்லை," என்றாள். சரிதான் என்று திரும்பி வந்தேன். சுகமாகப் பேத்தி பிறந்தாள் என்று மகள் போன் எடுத்தபோது, நான் முதலில் போய்ச் சொன்னது அவளுடைய வேலிப் படலையில்தான். அன்றைக்கு அவள் படலையைத் திறந்தாள்.

அடியார்களே, முதலில் நான் அழுது கேட்டதை அம்மன் தரவில்லை. அந்தக் குரல் அவருடையதாகவே இருந்தது. பிறகு கேட்டதைத் தந்தாள், நான் முகம் கொடுக்கவே கூசிய ஒருத்தியின் வாயால் தந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. உங்கள் வீட்டிலும் இடி விழுந்தால் அவள் வாசலுக்குப் போங்கள். கதவு சாத்தியிருந்தாலும் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும் தலை குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள்.