பின்னால் வந்த தீபம்

செட்டாப் பாக்ஸ் மாட்ட வந்தவர் காலையில் கழற்றிப்போட்ட ஆன்டெனாவைத் தூக்கினேன். கையெல்லாம் துரு வாசனை. சிறுவயதில் கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் அப்பா இதைத் திருப்பித் திருப்பி, "வந்துடுச்சா?" என்று கத்த, நான் படியில் நின்று, "ஜாஸ்தி திருப்பிட்டீங்கப்பா" என்று கத்த, கீழே டிவி முன் அம்மா கைகூப்பிக் காத்திருக்க, தெருவின் அரோகராவும் புள்ளி புள்ளியான திரையில் மலைத்தீபமும் ஒன்றாக வரும்.

இன்றும் தீபம். முட்டிவலியால் மாடியேற முடியாத அம்மா டிவி முன் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். தெரு அரோகரா என்றது. திரையில் மலையுச்சியில் இன்னும் ஏற்றாத தீபக் கொப்பரை.

"ஏத்திட்டாங்களாடா?"

"டிஜிட்டல்மா, கொஞ்சம் லேட்டாத்தான் வரும்."

"மலை நம்ம வீட்டுக்குப் பின்னாடியே இருக்குது. ஊரெல்லாம் சுத்திட்டா வருது?"

ரிமோட்டை வீணாக அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளிகூட இல்லாமல் தீபம் தெரிந்தபோது, அம்மா கைகளை இறக்கிவிட்டிருந்தாள்.